முன்சக்கரம் இழுக்கும் வண்டி

பெரும்பாலான ஜீப்புகளில் முன்சக்கரம் இரண்டும் சும்மா கூடவே உருண்டு வருபவைதான். வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். தார் ரோட்டுக்கு அது தாராளம். மண் சரிவிலும் மழை நனைத்த பாறையிலும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், வண்டி நகராது. அப்போதுதான் ஆட்கள் என்னைத் தேடி வருவார்கள். உடுமலைப்பேட்டையில் கிருபாசங்கர் பட்டறை என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். பத்தொன்பது வருடத்தில் நாற்பத்தொரு ஜீப்புகளை நாலு சக்கரமும் இழுக்கும்படி மாற்றிக் கொடுத்திருக்கிறேன். வால்பாறை எஸ்டேட்டுகளில் அவை இன்றும் ஓடுகின்றன.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லித் தாள் கொடுத்தீர்கள், மேடம். அதனால் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் ஜீப்பை நான் மாற்றியமைத்த வேலையில் ஒரு குறையும் இல்லை. அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

மோகனப்பிரியா கிராம சுகாதார நர்ஸ். மலையடிவாரத்தில் நாலு ஊர்களும், மேலே ஈட்டிக்குழி என்கிற பழங்குடிச் செட்டில்மென்ட்டும் அவள் பொறுப்பு. ஈட்டிக்குழியில் முப்பத்திரண்டு வீடுகள். ஜீப் அவளுடைய அப்பா வேங்கடசாமி கொடுத்தது. தோப்பைக் குத்தகைக்கு விடும்வரை அதில்தான் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்பே அந்தத் தோப்புக்குள் ஓட்டிப் பழகியிருக்கிறாள். பெண் பார்க்கப் போனபோது அதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் வேண்டாம் என்றிருக்க மாட்டேன்.

அந்த ஜீப் மலைப்பாதையில் மூன்றாவது திருப்பம்வரைதான் ஏறும். அதற்கு மேல் நடக்க வேண்டும், யானை நடமாட்டம் வேறு. எனவே மாதத்துக்கு ஒருமுறைதான் மேலே போவாள். மற்ற நாட்களில் ஒரு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள். இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். ஒன்பது வருடம் அப்படித்தான் போனது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் மேலே ஒரு குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனது. மோகனப்பிரியா மூன்றாவது திருப்பத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் போர்வீல் செஞ்சு குடுக்கறீங்க. நம்ம வண்டிக்கும் செஞ்சு குடுங்க."

செய்கிறேன் என்றேன். முன்சக்கரத்தை இழுக்க வைக்கும் ஆக்ஸில் கிடைக்கவில்லை என்று ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அவள் நம்பினாள். ஒருநாள் கோயமுத்தூர் உக்கடத்தில் பீர் முகம்மது கடைக்குப் பேரிங் வாங்கப் போயிருந்தேன். பழைய மிலிட்டரி வண்டிச் சாமான்களுக்கு அவர்தான் எனக்கு எப்போதும்.

"என்னங்க கிருபா, ஊட்டுக்கார அம்மா நேத்து போன்ல ஆக்ஸில் கேட்டாங்க. பொள்ளாச்சியில ஷாஹுல்கிட்ட வேலை குடுக்கறாங்களாமா? நீங்க இருக்கறப்ப எதுக்குங்க?" என்றார்.

என் மனைவியின் வண்டிக்கு அடியில் இன்னொருவன் படுத்து வேலை செய்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழில் மானம் என்று ஒன்று இருக்கிறது. அன்றைக்கே ஆக்ஸிலை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். பழைய முன்தண்டைக் கழற்றிவிட்டு ஆக்ஸிலைப் பொருத்தினேன். கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி வைத்து, முன்சக்கரத்துக்கு ஷாஃப்ட் கொடுத்தேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு லீவர். சோதனை ஓட்டத்துக்கு அவளையே ஓட்டச் சொல்லி மூன்றாவது திருப்பத்துக்குப் போனோம். லீவரைப் போட்டாள். முன்சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. வண்டி நிதானமாக, நடக்கிற வேகத்தில், நிற்காமல் ஏறியது. மேலே போனதும் ஹாரனை விடாமல் அடித்தாள். முப்பத்திரண்டு வீட்டுச் சனமும் வெளியே வந்து நின்றது.

பீர் முகம்மது கேள்விப்பட்டு போன் செய்தார். "சம்சாரத்துக்கு இப்படி வண்டி செஞ்சு குடுத்த ஆளை உக்கடத்துல யாரும் பாத்ததில்லீங்க" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வாரத்துக்கு நாலு நாள் மேலே போனாள். மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன். ஐந்து மணிக்கு, ஆறு மணிக்கு வருவாள். சேலையில் விறகுப் புகை வாசம் இருக்கும். பட்டறையில் இன்று என்ன வேலை என்று கேட்பாள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் பேச்சு ஈட்டிக்குழிக்குப் போய்விடும். மாவட்ட விழாவில் அவளுக்குக் கேடயம் கொடுத்தார்கள். பேப்பரில் ஜீப்பின் மேல் கைவைத்து நிற்கிற படம் வந்தது. 'மலையேறும் செவிலியர்' என்று போட்டிருந்தார்கள். ஜீப் எப்படி மலையேறுகிறது என்று போடவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்து வைத்ததே நான்தான்.

நான் அவளை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. குரலை உயர்த்தியதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம். போன வைகாசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பதமாகத்தான் சொன்னேன்.

"வாரத்துக்கு ரெண்டு நாள் போனாப் போதுமல்ல கண்ணு?"

"வலி நாளு பாத்தாங்க வருது?"

"எனக்கு பயமா இருக்குது."

"நீங்க செஞ்ச வண்டியில போறனுங்க. எனக்கென்ன பயம்?"

அவளுக்குப் பயம் இல்லை. அதுதான் விஷயம் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. கொஞ்சம் பயம் இருந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

ஸ்டியரிங்கிலிருந்து முன்சக்கரத்துக்கு ஓர் இரும்புத் தடி போகிறது. அதன் முனையை ஒரு நட்டு பிடித்திருக்கும். ஆட்டத்தில் நட்டு கழன்றுவிடாமல் இருக்க, கொண்டை ஊசி மாதிரி ஒரு காட்டர் பின்னை அதில் குத்தி மடக்கிவிடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பின்னை எடுத்துவிட்டு நட்டைத் தளர்த்தினேன். கிரீஸ் அடித்தேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஜீப்பில் இருந்த டூல் பெட்டியை எடுத்துப் பட்டறையில் வைத்துவிட்டேன்.

என் கணக்கு என்னவென்றால், மறுநாள் ஏறும்போதே தடி கழன்றுவிடும். ஏறுகிற வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகும். மலைப்பக்கத்து மண்மேட்டில் முட்டி நிற்கும். அவள் எனக்கு போன் செய்வாள், நான் போவேன், கூட்டிவருவேன். நாற்பத்தொரு வண்டி பார்த்தவன் போடுகிற கணக்கு.

ஆனால் நட்டு கழன்றாலும் முனை தன் குழியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். என் வேலை அவ்வளவு கச்சிதம். வண்டி ஏறிவிட்டது.

பதினொன்றே கால் மணிக்கு போன் வந்தது. ஈட்டிக்குழியில் ஒரு பாறைமேல் ஏறி நின்றால் சிக்னல் கிடைக்கும். அங்கிருந்துதான் பேசினாள்.

"ஏனுங்க, பட்டறையிலதான இருக்கறீங்க?"

"சொல்லு கண்ணு."

"ஏறி வரும்போது முன்னாடி டக்கு டக்குனு ஒரு சத்தமுங்க. ஸ்டியரிங் லூசா ஆடுது. கீழ படுத்துப் பாத்தனுங்க. தடி மாட்டற எடத்துல நட்டு பாதிக்கு மேல எறங்கி நிக்குது. அதுல ஒரு பின்னு இருக்குமல்லங்க? அதக் காணமுங்க. ஸ்பேனர் இருந்தா நானே முடுக்கிப்போடுவேன். பெட்டியவும் காணமுங்க."

"பெட்டி இங்கதான் இருக்குது. மறந்துபோட்டேன்."

"இங்க ஒரு புள்ளைக்குப் பனிக்குடம் ஒடஞ்சிருச்சுங்க. தொட்டில் கட்டித் தூக்கறதுக்கு நாலு பேரு ரெடியா நிக்கறாங்க. நடந்தா மூணு மணி நேரம் ஆகும், ஆனாப் போயர்லாமுங்க. வண்டியில வரலாமா, வேண்டாமா? நீங்க சொல்ற மாதிரி செய்யறமுங்க."

எதிரில் ஒரு டிராக்டர்காரர் காத்துக்கொண்டிருந்தார். அவரை உட்காரச் சொல்லிக் கைகாட்டினேன்.

"போர்வீல் வண்டில அந்த எடத்துக்குப் பின்னு கெடையாது கண்ணு. நட்டு அப்படித்தான் நிக்கும். ஏத்தீட்டு வா."

"செரீங்க. அப்ப ஏத்தீட்டு வாரனுங்க."

இரண்டாவது திருப்பத்தில் ஜீப் திரும்பவில்லை. எழுபது அடிப் பள்ளம். அந்தப் பெண்ணின் புருஷன் பின்னால் தொற்றிக்கொண்டு நின்றதால் குதித்துவிட்டான். பெண் அங்கேயே முடிந்துவிட்டாள், வயிற்றில் இருந்ததும்தான். பேர் பேப்பரில் வந்தது. இப்போது நினைவில்லை. மோகனப்பிரியாவுக்குக் கழுத்துக்குக் கீழே முதுகெலும்பு போயிற்று. இடது கை மட்டும் முழங்கைவரை அசையும்.

ஆஸ்பத்திரியிலிருந்து நானே வீட்டுக்குக் கூட்டிவந்தேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைப்பது, எல்லாம் நான்தான். ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றார்கள், வேண்டாம் என்றேன். மத்தியானம் ஒரு மணிக்குப் பட்டறையைச் சாத்திவிட்டு வருவேன். இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு ராசாத்தாள் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போவார்.

கவனக்குறைவாக ஓட்டினாள் என்று வழக்கு அவள் பேரில்தான் இருந்தது. கவலைப்படாதே, நடக்க முடியாதவர்களைச் சிறையில் வைக்க மாட்டார்கள் என்று ஆறுதல் சொன்னேன்.

ஜீப்பை ஸ்டேஷனிலிருந்து விடுவித்ததும் பட்டறையில் வைத்துச் சரிசெய்தேன். நொறுங்கிய முன்பக்கத்தைப் புதிதாக அடித்து, ஆக்ஸிலைக் கழற்றிவிட்டுப் பழைய தண்டையே மாட்டினேன். இரண்டு சக்கரம் இழுத்தால் போதும். அவள் பார்வையில் படும்படி ஜன்னலுக்கு நேரே நிறுத்தினேன். அவள் தன்னைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வாள். வெயில் கண்ணில் குத்துகிறது போல என்று ஜன்னலுக்கு மெல்லிய திரை போட்டேன். திரை வழியாகவும் ஜீப் தெரியும்.

காட்டர் பின் உடைந்து விழுந்திருக்கலாம் என்று நான் சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர்கூட அப்படித்தான் எழுதினார். எல்லாம் அந்த போனால் வந்தது. அவள் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும்படி அதில் வைத்தவன் நான்தான். யார் யாரோடு பேசுகிறாள் என்று புருஷன் தெரிந்து வைத்திருப்பதில் தப்பில்லை. என் குரலும் அதில் விழும் என்று தோன்றவில்லை. அவள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் கழித்துப் பார்க்க வந்த துணை நர்ஸ் மிஸ்பா, ஈட்டிக்குழிக் குழந்தைகளின் தடுப்பூசிப் படங்கள் வேண்டும் என்று அந்த போனை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

அந்தப் பேச்சில் ஏழு விநாடி நான் பேசாமல் இருந்தேன் என்றீர்கள். அந்த ஏழு விநாடியில் என்ன நினைத்தீர்கள் என்று இரண்டு நாளாகக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். அவ்வளவு இறங்கிய நட்டு கீழே வருகிற வழியில் தாங்காது என்று எனக்குத் தெரியும். எந்தத் திருப்பத்தில் போகும் என்றுகூடத் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் அவள் தொட்டிலோடு நடந்து வந்துவிடுவாள், அந்தப் பிள்ளையும் பிழைக்கும், மறுநாளும் மேலே போவாள். அதைத்தான் நினைத்தேன். பிறகுதான் ஏற்றிக்கொண்டு வா என்றேன். இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன்.

இப்போது மோகனப்பிரியா அவள் அப்பா வீட்டில் இருக்கிறாளாம். இறந்த பெண்ணின் மாமியார் மலையிலிருந்து இறங்கி வந்து, கூடவே தங்கிப் பார்த்துக்கொள்கிறாராம். நேற்றுச் சாயங்காலம் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது மோகனப்பிரியா வாய்விட்டுச் சிரித்தாள் என்று உங்கள் ஏட்டம்மா சொன்னார். அது மாத்திரையின் வேகம், மேடம். என்னிடம் இருந்த ஐந்து மாதத்தில் ஒருநாளும் அவள் அப்படி இருந்ததில்லை. டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்கச் சொல்லுங்கள்.