டிரம்ஸ் வாசித்தது மெஷின் அல்ல

என் பெயர் லோகேஸ்வரன், த/பெ கார்த்திகேசு. வயது 29. பட்டர்வொர்த், பாகான் டாலாமில் பெற்றோருடன் வசிக்கிறேன்.

நான் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் உலோகத் தகடுகளை அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டி வந்தேன். 'உப்புக்காற்று' என்ற தமிழ் ராக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். கிஷன் கிட்டார், சுதர்ஷினி பாடகி. எங்கள் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய ஜார்ஜ்டவுனில் ஸ்டூடியோ எடுத்திருந்த சமயத்தில், வேலையிடத்தில் மெஷின் இறங்கி என் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

அதன் பிறகு, டிரம்ஸுக்குக் கம்ப்யூட்டரை வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். சுதர்ஷினி, "அண்ணே வாசிக்கலன்னா நான் பாடல" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கழற்றி வைத்துவிட்டார். அதன் பிறகு நான் குச்சியை மணிக்கட்டோடு சேர்த்து பேண்டேஜ் துணியால் கட்டிக்கொண்டு பழகினேன். வலது கைக்குரிய அடிகளில் பாதியை இடது கைக்கும் காலுக்கும் மாற்றினேன். ஒரு பாட்டின் நடுவே கட்டு அவிழ்ந்து குச்சி பறந்து கண்ணாடியில் மோதியது. நான் நிறுத்தாமல் ஒற்றைக் கையால் முடித்தேன். பதிவு செய்த ஹாஃபிஸ், இதை மறுபடி எடுக்க வேண்டாம் என்றார். அந்தச் சத்தம் ஆல்பத்தில் அப்படியே இருக்கிறது. என் தந்தை கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உள்ளே தனியாக உட்கார்ந்து எல்லாப் பாடல்களையும் கேட்டார்.

ஆல்பம் வெளிவந்த பிறகு, டிரம்ஸ் வாசிப்பவனுக்குக் கை நன்றாகத்தான் இருக்கிறது, வேலை செய்ய முடியாது என்று பொய் சொல்லி நஷ்டஈடு வாங்கினான் என்று தொழிற்சாலை நிர்வாகத்தினர் என்மேல் போலீசில் புகார் கொடுத்தார்கள். நேற்று கிஷன் வீட்டுக்கு வந்து, "ஆல்பத்துல டிரம்ஸ கம்ப்யூட்டர் மெஷின் அடிச்சதுன்னு சொல்லிடுங்கண்ணே, கேஸ் அதோட முடிஞ்சிடும்லா" என்றார். நான் மறுத்துவிட்டேன். என் கையால் பிரஸ் மெஷினின் பிடியை இறுக்கிப் பிடிக்க முடியாது. நஷ்டஈட்டுக்காகப் பரிசோதித்த டாக்டரிடம் சொன்னதும் அதுதான், இப்போது சொல்வதும் அதுதான். டிரம்ஸ் வாசிக்க முடியாது என்று நான் எங்கும் சொல்லவில்லை.

ஆல்பத்தின் எல்லாப் பாடல்களுக்கும் டிரம்ஸை நானே நன்றாக வாசித்தேன். இந்த வாக்குமூலத்தை எழுதிய இன்ஸ்பெக்டர் அர்ஜுனன் முதலில் 'வாசித்தேன்' என்று மட்டும் எழுதியிருந்தார். அதை 'நன்றாக வாசித்தேன்' என்று திருத்தும்படி கேட்டுக்கொண்டேன். திருத்தினார்.

நான் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. இதில் உள்ளவை யாவும் உண்மை.

(ஒப்பம்) கா. லோகேஸ்வரன்