ஒன்றுவிட்டு ஒன்று

கோல்கீப்பரின் கையுறையை வெயிலில் காயப்போடக் கூடாது. உள்ளங்கையில் இருக்கும் ரப்பர் வெடித்துவிடும். அப்புறம் பந்து ஒட்டாது. வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, பிழியாமல், விரல்கள் கீழே பார்க்கும்படி நிழலில் தொங்கவிட வேண்டும். என் தம்பியின் கையுறைகளை நான்தான் அலசினேன். அது பிசியோவின் வேலை இல்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நான் அவனை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டேன் என்பது உங்கள் விசாரணைக் கோப்பில் எங்கேயும் இல்லை, மேடம்.

மற்றபடி கோப்பில் இருப்பது சரிதான். அந்தக் கால்பந்து கிளப்பில் நான் பிசியோதெரபிஸ்ட். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள். சான்றிதழுக்குச் சட்டம் போட்டு வைத்திருந்தேன், மாட்ட இடமில்லை. கூடத்துச் சுவரில் இருந்த ஒரே ஆணியில் தம்பி கோப்பையோடு நிற்கும் படம் தொங்கியது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. கிளப்பில் எனக்கு ‘ஐஸ் அக்கா’ என்று பெயர். ஐஸ் பையோடு உள்ளே போனால், “சூடா இருக்கிறவன்லாம் வரிசையில வாங்கப்பா” என்று எவனாவது ஆரம்பிப்பான். ஆட்டத்தன்று மட்டும் தலைகாட்டும் டாக்டருக்கு நான் ‘ஏம்மா’. நாலரை வருடம் எலும்பையும் நரம்பையும் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவள். அதுவும் பழகிவிட்டது.

தம்பி பதினெட்டு வயதில் மூன்றாவது கோல்கீப்பராகச் சேர்ந்தான். பயிற்சியில் பந்து பொறுக்குவதற்குத்தான் அப்படி ஒரு கௌரவமான பெயர். அடுத்த வருடம் முதல் கோல்கீப்பருக்குத் தோள்பட்டை நழுவியது. இரண்டாமவர் வேறு கிளப்புக்குப் போய்விட்டிருந்தார். தம்பி உள்ளே நின்றான். இரண்டே மாதத்தில் எல்லோரும் அவனைப் ‘பசை’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கையைப் பார்த்து வைத்த பெயர். அவனுடைய பலம் கையில் இல்லை, ஞாபகத்தில். எவன் எந்த ஆட்டத்தில் பெனால்ட்டியை எந்த மூலைக்கு அடித்தான் என்று கடந்த மூன்று வருடத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான்.

ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் ஞாபகத்துக்கு ஒரு சோதனை உண்டு. பத்து வார்த்தைகளைப் படித்துக்காட்டி, ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு, திருப்பிச் சொல்லச் சொல்வோம். எத்தனை வருகிறதோ அதுதான் அவனுடைய அளவு. பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால், வேறு பத்து வார்த்தைகளை வைத்து மறுபடி கேட்போம். அளவு குறைந்திருந்தால் பதினைந்து நாள் வெளியே உட்கார வேண்டும். நல்ல விதிதான், மற்ற பத்துப் பேருக்கு. அவர்களைத் திரும்பி வந்ததும் வேறு எங்காவது நிறுத்தலாம், கடைசிப் பத்து நிமிடமாவது இறக்கலாம். கோல்கீப்பருக்கு இடம் ஒன்றே ஒன்று. அதில் இன்னொருவன் நின்று இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டால், இவன் மறுபடியும் பந்து பொறுக்கப் போக வேண்டியதுதான்.

தம்பிக்குப் பத்துக்குப் பத்து வரும். பத்து வாங்குகிறவன் ஏழுக்கு இறங்கினால் பளிச்சென்று தெரியும். ஐந்து வாங்குகிறவன் ஐந்திலேயே இருந்தால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? இந்தத் தில்லுமுல்லு விளையாட்டு உலகத்தில் புதிதில்லை. அரைகுறையாகச் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நான் முறையாகக் கற்றுக்கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, இரண்டு வாரம். ஒன்றுவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது. அதையும் முன்பின்னாகக் கலைத்து, நடுவில் நெற்றியைச் சொறிந்து.

“மறக்கிறதுக்கு இவ்ளோ ஞாபகம் வேணுமாக்கா?” என்று சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, “இது தப்பில்லையே?” என்றான்.

“உன் நல்லதுக்குத்தான்டா சொல்றேன்” என்றேன்.

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் சரி என்று விட்டுவிடுவான். அந்த சீசன் தொடக்கச் சோதனையில் அவனுடைய அளவு ஐந்து என்று பதிவானது.

முதல் அடி, எதிரணிக்காரனின் முழங்கால் காதோரத்தில் பட்டது. சோதித்தேன். ஐந்து வார்த்தை, ஒன்றுவிட்டு ஒன்று, கச்சிதமாகச் சொல்லிவிட்டுக் கண்ணடித்தான். பத்தும் அவனுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்? எங்கள் முறை உண்மையில் உங்கள் விதியைவிடக் கறாரானது. அது அன்று எனக்குப் புரிந்தது.

பதினெட்டு நாள் கழித்துப் பயிற்சியில் கோல் கம்பத்தில் தலை மோதியது. இந்த முறையும் ஐந்து சொன்னான். ஆனால் முதல் ஐந்தையும் வரிசையாகச் சொன்னான். விரல், மேசை, ரயில், கம்பளி, பால். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம்.

“ஏன்டா வரிசையா சொல்ற? ரூல் என்ன?” என்றேன்.

“எந்த ரூல்க்கா?”

கிண்டல் செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். அவன் என் கையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எண்ணிக்கை ஐந்துதான், மேடம். விதி எண்ணிக்கையைத்தான் கேட்கிறது. ஐந்து என்று எழுதினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெனால்ட்டியைத் தடுத்தான். மறுநாள் பேப்பரில் முதல் தடவையாகப் பெரிய படம் வந்தது. அம்மா அதைத் தெருவுக்கே காட்டிவிட்டு வந்தாள். தம்பி அந்தச் செய்தியை அடுத்தவனைப் பற்றிப் படிப்பதுபோல நிதானமாகப் படித்தான். “எந்தப் பக்கம் அடிச்சான்?” என்று என்னிடம் கேட்டான். இடது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான்.

அந்த வாரம்தான் பெரிய கிளப்பிலிருந்து ஆள் வந்தது. தம்பி வந்தால் நானும் வருவேன், அவன் உடம்பு எனக்குத்தான் தெரியும் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் இரண்டு பெயர். என் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் அச்சடித்திருந்தார்கள். மிச்சம் இருந்தது நான்கு ஆட்டங்கள். அவன் நான்கிலும் நிற்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. நான் வைத்த நிபந்தனை இல்லை.

மூன்றாவது அடி, அந்த நான்கில் கடைசி ஆட்டத்தில். முப்பத்தோராவது நிமிடம் எங்கள் டிபெண்டரின் நெற்றியே அவன் பொட்டில் இடித்தது. இடைவேளைக்கு இன்னும் நேரம் இருந்தது, எழுந்து நின்றுவிட்டான். இடைவேளையில், உடை மாற்றும் அறையின் ஓரத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். நான்கு சொன்னான். நெடுநேரம் யோசித்து, ஐந்தாவதாக “குடை” என்றான். என் பட்டியலில் குடை இல்லை.

ஐந்து என்று எழுதினேன்.

டாக்டர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே கையை நீட்டினார். “ஓகேவாம்மா?” என்றார். “ஓகே சார்” என்றேன். கையெழுத்துப் போட்டார். அவரை நீங்கள் ஏற்கெனவே நீக்கிவிட்டீர்கள். என்னைக் கேட்டால் அவர் செய்ததில் தவறில்லை. என்னை நம்பினார், அவ்வளவுதான்.

இரண்டாவது பாதியில் அணிகள் பக்கம் மாறும். தம்பி நேராக நடந்து, முன்பு நின்ற அதே கோலுக்குப் போய், துண்டைக் கம்பியில் மாட்டினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எதிரணி கோல்கீப்பர் அவன் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கையைத் தூக்கினால் போதும், ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். நாற்பத்தைந்து நிமிடம்தானே என்று இருந்தது. பதினோராவது நிமிடத்தில் ஒரு உயரப் பந்து வந்தது. எகிறினான். யார் மேலேயும் படவில்லை. கீழே வரும்போது கையை ஊன்றவில்லை. விழுவது எப்படி என்பதுதான் ஒரு கோல்கீப்பர் முதலில் கற்றுக்கொள்வது. அந்தச் சத்தம் பெஞ்ச்வரை கேட்டது. இப்போதும் வீட்டில் எதையாவது கீழே போட்டால் நான்தான் முதலில் ஓடிப் பார்க்கிறேன்.

ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. இப்போது நடக்கிறான், சாப்பிடுகிறான், கூப்பிட்டால் திரும்புகிறான்.

போன மாதம் இதே அறையில் உட்கார்ந்து அவன் கொடுத்த வாக்குமூலம் உங்களிடம் இருக்கிறது. “ஆரம்பத்துலயே நான்தான் வேணும்னே குறைச்சு சொன்னேன். யாரும் சொல்லித் தரல. அக்காவுக்கு எதுவும் தெரியாது. அவங்களையும் ஏமாத்திட்டேன்.” இப்படி மொத்தம் எட்டு வாக்கியம். அதை நான் எழுதினேன். பல் தேய்த்ததும் ஒரு முறை, மாத்திரை போட்டதும் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை என்று இருபத்து மூன்று நாள் சொல்லவைத்தேன். இப்போது அவன் அதை நிஜமாக நடந்தது என்றே நம்புகிறான். பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்று, “உன்ன ஏமாத்திட்டேன்லக்கா” என்று கண்கலங்குகிறான். பரவாயில்லைடா என்கிறேன்.

இதை நானாக வந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் அவனை நம்பிவிட்டீர்கள். என்மேல் ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், ஞாபகம் அடியோடு போய்விட்டது, இனி எந்நாளும் விளையாடத் தகுதியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். என்மேல் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். எட்டு வாக்கியத்தையும் உங்கள் முன்னால் ஒரு சொல் பிசகாமல் சொன்னான், மேடம். நீங்களே எழுதிக்கொண்டீர்கள். அவனுக்கா ஞாபகம் இல்லை?