பாட்டின் சொந்தக்காரி

தொண்டைக்கு வெந்நீர் போடுவதில் என்னை யாரும் குறை சொன்னதில்லை, மேடம். வாய் பொறுக்கும் சூடு, நாக்கில் லேசாகத் தெரிகிற உப்பு, அவ்வளவுதான். விழுப்புரத்தில் எங்கள் இசைக்குழு ஓகோவென்று இருந்த காலத்தில் பெரிய பாடகர்கள்கூட, "எலிசா அக்கா கையால குடுங்க" என்று வந்து நிற்பார்கள்.

அதனால் ஜெனித்தை நீங்கள் பிடித்து வைத்திருப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. கீபோர்டை விட்டால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. தம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்தவன்தான் அவன். கலந்தவள் நான். பேப்பரில் அவன் படத்தைப் பார்த்ததும் கிளம்பி வந்துவிட்டேன். பாட்டைத்தான் ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள், இதையும் இன்னொருத்தன் பெயரில் விடுவதா?

மெர்லின் என் அண்ணன் மகள். தாயில்லாப் பெண். திண்டிவனத்தில் என் வீட்டில்தான் வளர்ந்தாள். அவளுக்குச் சோறு ஊட்டியது, சடை பின்னியது எல்லாம் நான். அவள்மேல் எனக்கு வெறுப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

'பனமலை ஏரியில பால்நிலா முழுகிப் போச்சே' பாட்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்டிருப்பது அவள் பாடியதை. கேசட் காலத்தில் அதை நான் பாடினேன். மெதுவாக, ஒரு புல்லாங்குழல் மட்டும் வைத்துக்கொண்டு. இந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அது ஒலிக்காத நாள் கிடையாது. பிறகு என்னை மறந்தார்கள், பாட்டையும் மறந்தார்கள். போன வருடம் ஜெனித் அதற்குத் தடதடவென்று ஒரு தாளம் போட்டான், மெர்லின் பாடி ஆடினாள். 'முழுகிப் போச்சே' என்று வரும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தரையோடு உட்கார வேண்டும். ஊரே உட்கார்ந்தது. பள்ளி ஆண்டு விழாவில் உட்கார்ந்தார்கள், மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்தார்கள். எங்கள் தெரு முனையில் மாவு மில் வைத்திருக்கும் மாசிலாமணி என்னைப் பார்த்ததும் மூக்கைப் பிடித்துக் காட்டுவார்.

யார் பாட்டு என்று ஒரு பேட்டியில் கேட்டதற்கு அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க பக்கம் பழசா பாடிக்கினு இருந்ததுங்க. யாரு கட்டனதுன்னு தெர்ல."

அதையும் பொறுத்துக்கொண்டேன். வீட்டில் கேட்டபோது, "அத்தை, நீ பாடனேன்னு சொல்லலாம். நீ கட்டனேன்னு எப்பிடிச் சொல்றது? நீயே சொல்லேன், எங்கேர்ந்து புடிச்ச?" என்றாள். அவளிடம் சொல்லும்படி அதில் ஒன்றுமில்லை.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். காணை கிராமத்தில் தெரிந்தவர் வீட்டில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அதில் கோவிந்தம்மாள் என்று ஒருத்தி. மகனை ஏரியில் பறிகொடுத்தவள். கை வேலை செய்ய, வாய் அதுபாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆய்ந்தேன். எழுந்திருக்கும்போது பாட்டு என்னிடம் இருந்தது. 'மவனே' என்று இருந்ததை 'மாமனே' என்று மாற்றினேன். ஒப்பாரியைக் கல்யாண வீட்டில் பாட முடியாதே. மாற்றியதும் அது காதல் பாட்டாகிவிட்டது. பிறகு காணைத் திருவிழாவில் அவள் மேடையோரம் வந்து, "யம்மா, அது எம்புள்ளைக்குப் பாடனதும்மா, வாணாம்மா" என்று அழுதாள். கூட்டத்தில் இப்படி நாலு பேர் வருவார்கள். அவளை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு அடுத்த சரணத்தைப் பாடினேன். அன்றைக்குக் குரல் மிக நன்றாக இருந்தது.

மாதா கோவில் திருவிழா அன்று, பங்குச் சாமியார் வீட்டு அறையில் மெர்லினுக்குப் பூ வைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"அத்தை, பழைய ஆளுங்களை விசாரிச்சுப் பாட்டுக்கார அம்மாவைக் கண்டுபுடிச்சிட்டேன். காணைக்கே போய்க் கூட்டியாந்துட்டேன். முன்னால சேர்ல குந்திக்கினு இருக்காங்க. மூக்கைப் புடிக்கிறதெல்லாம் இனிமே வாணாம் அத்தை, அவங்க புள்ள கதையைக் கேட்டதுலேர்ந்து மனசே பேஜாரா இருக்குது. இன்னிக்கு அவங்க பேரைச் சொல்லிட்டு மெதுவா பாடப் போறேன்."

"என் பேரு?" என்றேன்.

"நீயும் மேல வா அத்தை. அவங்ககிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடு. அவ்ளோதான்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கிழவி, முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வெந்நீர் போடப் போனேன்.

குளியலறை கழுவுகிற புட்டி பின்கட்டில் இருந்தது. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பாடப் போகிறவள் தம்ளருக்குள் பார்க்க மாட்டாள். பார்த்தால் ராசி போய்விடும். கண்ணை மூடி, சிலுவை போட்டு, அண்ணாந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். மெர்லின் அதைச் சின்ன வயதிலிருந்தே தவறாமல் செய்வாள். மூடி போட்டு ஜெனித்திடம் கொடுத்தனுப்பினேன். நான் கொடுத்தது என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறான்.

மேடைப் படியில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சத்தமே வரவில்லை. அதற்குள் தாளம் தொடங்கிவிட்டது. முன்னாலிருந்த பிள்ளைகள் அதுவும் ஆட்டம் என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், பின்னால் கூட்டமும் உட்கார்ந்தது. கோவிந்தம்மாள் மட்டும் எழுந்து ஓடி வந்து அவளை மடியில் போட்டுக்கொண்டாள். நல்ல பெண்பிள்ளை.

உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குத் தகுந்தாற்போலத்தான் கலந்தேன். கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். நேற்றுவரை அவளுக்குத் தலை வாரிவிட்டது நான்தான். என் கையை அவள் தள்ளவில்லை. யார் செய்தது என்று அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தவள் உயிரைக் கொடுத்துப் பாடியதைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு ஆடினால், அவளுக்கு எப்படி இருக்கும் என்று யாராவது யோசிக்க வேண்டாமா, மேடம்? நான் யோசித்தேன். எழுதிக்கொள்ளுங்கள். பெயர் எலிசா. தொழில் என்ற இடத்தில் பாடகி என்று மட்டும் போடாதீர்கள், பனமலை ஏரிப் பாட்டின் சொந்தக்காரி என்று சேர்த்துப் போடுங்கள். மெர்லின் இனி இல்லையென்று சொல்ல மாட்டாள்.