தோத்துப்போக ஒரு ஆள் வேணும்

இல்ல தம்பி, கையெழுத்து வேண்டாம். போட்டோவும் வேண்டாம். நீங்க எழுந்திருக்காதீங்க, முட்டியில அந்த ஐஸ் அப்படியே இருக்கட்டும், எடுத்தா வீங்கிக்கும். வாசல்ல நின்னவருகிட்ட உங்க பெரியம்மான்னு சொல்லித்தான் உள்ள வந்தேன். அவரு உடனே வழி விட்டுட்டாரு. பூகம்பமே ஆனாலும் அதுக்கும் ஒரு பெரியம்மா இருக்கத்தானே செய்வாங்கன்னு நினைச்சிருப்பாரு.

குஸ்தி முகமூடியைக் கழட்டினா உங்களைப் பூகம்பம்னு எவனும் நம்ப மாட்டான். பல் டாக்டர் மாதிரி சாந்தமா இருக்கீங்க. அதுதான் எனக்கு வேணும்.

அய்யய்யோ, யாரையும் அடிக்கறதுக்கு இல்ல தம்பி! பார்த்தா அப்படிப்பட்ட பொம்பளை மாதிரியா இருக்கேன்? அடி வாங்கக் கூப்பிட வந்திருக்கேன். வாயாலதான், பயப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை காலையில நூலகத்து மாடி ஹாலுக்கு வந்து, ஒரு மணி நேரம் எங்க வீட்டுக்காரரோட வாதாடிட்டுத் தோத்துட்டுப் போகணும். வேலை அவ்வளவுதான்.

ஏன் நீங்கதான்னா, இன்னைக்கு நாலாவது வரிசையில உட்கார்ந்து பார்த்தேன்ல. மஞ்ச ஜட்டிக்காரன் ஜெயிச்சுட்டான்னு ஊரே கத்துது. அவன் என்னத்த ஜெயிச்சான்? நீங்க விழுந்தீங்க, அதனால அவன் ஜெயிச்ச மாதிரி தெரிஞ்சான். அவன் கை வந்து சேரறதுக்குள்ள உங்க தலை என்னமா சாயுது! கோவிச்சுக்காதீங்க, பொய்ச்சண்டைன்னு நான் சொல்லவே இல்ல. முட்டி வீங்கியிருக்கே, அது பொய்யா என்ன. எங்க வீட்டுக்காரர்தான் அப்படிச் சொல்வாரு. இந்த ஆட்டத்துல நாணயம் இல்லன்னு டீவியை அணைச்சிடுவாரு. அதுவும் நல்லதுதான், உங்களை அவருக்கு அடையாளம் தெரியாது.

நாணயம்னா அவருக்கு அப்படி ஒரு கிறுக்கு. கணக்குத் தணிக்கை ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஒருநாள் ஆபீஸ் பேனா சட்டைப்பையிலேயே வந்திடுச்சுன்னு, கொட்டற மழையில பஸ் ஏறிப் போய் மேஜையில வெச்சுட்டு வந்தாரு. நாளைக்குக் காலையில அங்கதானே போகப்போறீங்கன்னு கேட்டேன். ராத்திரி பூரா என் பையில இருக்கலாமான்னு திருப்பிக் கேட்டாரு.

ரிட்டயர் ஆனதும் வந்த காசை ஷேர்ல போடலாம்னாரு. ஆனா மனசாட்சியோடதான் போடணுமாம். சிகரெட் கம்பெனி கூடாது, சாராயக் கம்பெனி கூடாது, சரி, நியாயம்தான். அப்புறம் சர்க்கரைக் கம்பெனி கூடாதுன்னாரு, சுகர் வருதாம். செருப்புக் கம்பெனி மாட்டுக்குப் பாவம். பேங்க் வட்டி வாங்குது. மெத்தைக் கம்பெனி சோம்பேறித்தனத்தை வளர்க்குது. சிரிக்காதீங்க, நான் கூட இருந்து அனுபவிச்சவ. கழிச்சுக் கழிச்சுக் கடைசியில ஒரே ஒரு கம்பெனி மிஞ்சிச்சு. பாட்டில் மூடி செய்யறவன். மூடி என்ன பாவம் பண்ணும்னு மொத்தத்தையும் அதுல போட்டாரு. ஒரு வருஷம் நிம்மதியாத் தூங்கினாரு. அப்புறம் பார்த்தா அந்த மூடியில முக்கால்வாசி சாராய பாட்டிலுக்குப் போகுது! மனுஷன் அழுதுட்டாரு தம்பி. அன்னைக்கே வித்துட்டாரு.

அதுக்கப்புறம்தான் இந்த எழுத்து. மனசாட்சியோடு முதலீடுன்னு பேரு வெச்சு, ஃபோன்ல ஒரு பக்கம் ஆரம்பிச்சு, தினம் ஒண்ணு எழுதுவாரு. யாரு படிப்பா? ஒரு லைக் நான். இன்னொண்ணு என் தங்கச்சி மருமக, அவ சாவுச் செய்திக்கே லைக் போடறவ. மூணாவது யாரோ தண்ணித் தொட்டி விக்கிறவன். இவரு என்னடான்னா ரீச் இல்ல, ரீச் இல்லன்னு அதையே ஒரு வியாதியாக்கிக்கிட்டாரு. டாக்டர் உடம்புக்கு என்ன பண்ணுதுன்னு கேட்டா, ரீச் இல்ல டாக்டர்ங்கறாரு. டாக்டர் வாயுக்கு மாத்திரை எழுதிக் குடுத்தாரு.

அப்புறம் பேச்சே நின்னுபோச்சு. விளையாட்டுக்குச் சொல்லல. காபி வேணுமான்னா ம். சாப்பிடலாமான்னா ம். மின்விசிறி சத்தம் போடுதே, ஆளைக் கூப்பிடவான்னா அதுக்கும் ம். ஷேவ் பண்றதில்ல, வாக்கிங் இல்ல, சோபாவுல ஒரு பக்கம் குழி விழுந்துபோச்சு. நான் சுவத்தோட குடித்தனம் பண்ணிக்கிட்டிருந்தேன்.

வர்றேன், வர்றேன், விஷயத்துக்குத்தான் வர்றேன். உங்க தொழில்ல ஒண்ணு கவனிச்சிருக்கேன் நான். நல்லவன் மட்டும் தனியா மேடையில நின்னு நாலு நல்ல வார்த்தை பேசினா, ஜனங்க பாத்ரூமுக்கு எழுந்து போறாங்க. வில்லன் வந்து மைக்கைப் பிடுங்கினாத்தான் நாற்காலி மேல ஏறி நிக்கிறாங்க. சரிதானே? அந்த மாதிரி இவருக்கும் ஒருத்தன் வந்து சேர்ந்தான். லாபமே தெய்வம்னு பேரு. முகம் கிடையாது, படத்துக்கு ஒரு முதலை வெச்சிருப்பான். வந்தவன் நேரா அந்தப் பாட்டில் மூடியிலேயே கை வெச்சான். ஏ பெருசு, குடிக்கிறவன் மூடி இல்லாட்டியும் குடிப்பான், நடுவுல ஈ விழுந்து செத்தா அந்தப் பாவம் உனக்குத்தான்னு எழுதினான்.

அவ்வளவுதான். மனுஷன் சோபாவை விட்டு எழுந்தாரு பாருங்க! ஒரு வரிக்கு நாப்பது வரி பதில். அவன் விடுவானா? அவன் ஒண்ணு, இவரு பத்து. வேடிக்கை பார்க்க ஆள் சேர்ந்து, ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு, பெருசு விடாதேன்னு ஒரு கூட்டம், முதலை கடின்னு ஒரு கூட்டம். ரீச்சுன்னா அப்படி ஒரு ரீச். இவரு ஷேவ் பண்ணிக்கிட்டாரு. ரெண்டாம் தடவை சோறு கேட்டாரு. குளிக்கும்போது பாட்டு வேற. சொல்லப்போனா சில விஷயத்துல அவன் சொல்றதுதான் தம்பி சரி, ஆனா அதை விடுங்க.

இப்போ வந்த வினை என்னன்னா, நேர்ல வாடான்னு இவரு கூப்பிட்டுட்டாரு. ஹால் பேசியாச்சு, நாற்காலிக்குச் சொல்லியாச்சு, நோட்டீஸ் ஒட்டியாச்சு. அவனும் ஆவேசத்துல வர்றேன்னு எழுதித் தொலைச்சுட்டான். அவன் வரலன்னு வைங்க, அத்தனை பேரு முன்னாடி இவரு தனியா மேடையில நிப்பாரு. இப்படி ஒரு ஆளே கிடையாது, பெருசே ரெண்டு பேருலயும் எழுதிக்கிட்டு இருந்திருக்குன்னு எவனாவது ஒருத்தன் சொல்லுவான். நாணயத்துக்கே பொறந்த மனுஷன், தாங்க மாட்டாரு. மறுபடி அந்த சோபாவுல போய் விழுந்தா எழுந்திருக்கவே மாட்டாரு தம்பி. அதுக்குத்தான் உங்க வாசல்ல வந்து நிக்கிறேன்.

இல்ல, அவனால வர முடியாது. உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு. ஊர்லதான் இருக்கான். அதை அப்புறம் சொல்றேன், முதல்ல பாடத்தைக் கேளுங்க. அவரு தர்மம்னு ஆரம்பிச்சா நீங்க கொட்டாவி விடணும். அவருக்குக் கொட்டாவி ஆகவே ஆகாது, அங்கேயே சூடு பிடிச்சுக்கும். உன் பணம் எங்க போகுதுன்னு உனக்குத் தெரியுமான்னு கேப்பாரு. அதுக்கு நீங்க, உன் சாப்பாடு எங்க போகுதுன்னு நான் கேட்டேனான்னு சொல்லணும். ஜனங்க சிரிப்பாங்க. மூணாவதா அந்தப் பேனா கதையைச் சொல்லுவாரு, அப்போ நீங்க வாயடைச்சுப்போய் நிக்கணும். எதிர்பேச்சு கூடாது. அந்த இடத்துல அவரு ஜெயிச்சே ஆகணும்.

கூலிக்கு நீங்க கவலைப்படாதீங்க. உங்க மேனேஜர் என்ன வாங்குவாரோ அதையே வாங்கிக்கோங்க. அந்த மூடி ஷேரை இவரு வித்தாரு பாருங்க, மறுவாரமே என் நகைச்சீட்டுப் பணத்தைப் போட்டு நான் வாங்கிட்டேன். நல்லா ஏறியிருக்கு. மூடி மேல எனக்கென்ன கோபம்? இவருகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க.

என்ன தம்பி அப்படிப் பார்க்கறீங்க? அவனால ஏன் வர முடியாதுன்னா... நான் அங்க முன் வரிசையில உட்காரணுமே. இவருக்கு நடுநடுவுல தொண்டை வறளும், தண்ணி எடுத்துக் குடுக்கணும். ஒரே ஆளு ரெண்டு இடத்துல எப்படி இருக்கிறது?

ஆமா. நான்தான். முதலையும் நான்தான். வாயை மூடுங்க, ஐஸ் தண்ணி கீழ சொட்டுது பாருங்க.

அவரு கூடத்துல, நான் சமையல்கட்டுல. குக்கர் சத்தத்துல நான் தட்டறது அவருக்குக் கேக்காது. ஏமாத்து வேலைதான், தெரியும். ஆனா கேளுங்க. போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டேன். ரெண்டு நாளா முதலை வாயே திறக்கல. இவரு என்கிட்ட மாத்திரை போட்டியான்னு கேட்டாரு. அதோட சரி, அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. எழுந்து உட்கார்ந்து ஃபோனைப் பார்க்கறேன், முதலைக்குத் தனியா எழுதியிருக்காரு. லாபமே தெய்வம் அவர்களுக்கு, என் வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை, அவள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் எது எங்கே இருக்கிறதென்றுகூட எனக்குத் தெரியாது, பயமாக இருக்கிறது, நம் சண்டையை இரண்டு நாள் தள்ளி வைத்துக்கொள்ளலாமா அப்படின்னு. கல்யாணம் ஆன நாள்லேருந்து பயமா இருக்குன்னு என்கிட்ட ஒரு தடவை சொன்னதில்ல தம்பி அந்த மனுஷன். அடுப்புகிட்ட போய் நின்னு அழுதேன். அழுதுட்டு, சரி பெருசு, பொழைச்சுப் போன்னு பதில் போட்டேன்.

அதனால நீங்க நல்லாத் தோத்துடுங்க. ஜனங்க கைதட்டணும், அவரு நெஞ்சை நிமிர்த்தி நிக்கணும். ஆனா முழுசாத் தோத்துடாதீங்க. அய்யா, நான் திருந்திட்டேன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க. போகும்போது கதவுகிட்ட நின்னு திரும்பி, இத்தோட முடிஞ்சுதுன்னு நினைக்காதே பெருசு, நாளைக்கு வெச்சுக்கறேன்னு ஒரு சத்தம் போட்டுட்டுப் போங்க. நீங்க பாட்டுக்குத் திருந்திட்டீங்கன்னா, திங்கக்கிழமையிலிருந்து அவரு யாருகிட்ட தம்பி பேசுவாரு? நான் யாருகிட்ட பேசறது?