கிணற்றடிக்குப் போகாத பாய்

மழையில் நனைந்த குப்பை சரியாக எரியாது, அய்யா. புகைதான் வரும். உக்கிரபாண்டியாகிய நான் இரண்டு வருஷமாக அரிசி மில் பாய்லருக்குத் தீப்போடுகிறவன். கையில் எடுத்ததுமே எது எரியும், எது எரியாது என்று சொல்லிவிடுவேன்.

உலகச் சண்டையால் நிலக்கரி வரவில்லை. விறகோ யானை விலை குதிரை விலை. மதுரைக் குப்பையை எரித்து மில்லை ஓட்டலாம் என்று முதலாளியிடம் சொன்னதே நான்தான். இரும்பையும் கண்ணாடியையும் பழைய சாமான் வியாபாரி சிக்கந்தர் எடுத்துக்கொள்வார். எச்சில் இலையும் சாணமும் வயலுக்குப் போகும். ஒன்றுக்கும் உதவாத கிழிந்த பாய், கந்தல், தேய்ந்த விளக்குமாறு எல்லாம் எனக்கு.

முன்பு அந்தக் குப்பையை எங்கள் ஊர்ப் பள்ளத்தில்தான் கொட்டினார்கள். ஓர் ஐப்பசி மழையில் பள்ளம் நிரம்பி, அழுக்குத் தண்ணீர் கிணற்றில் இறங்கியது. காலையில் விளையாடிக்கொண்டிருந்த என் மகன் வெள்ளைத்துரை பொழுது சாயும்போது இல்லை. வாந்திபேதி. அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் மனைவி சோலையம்மாள் சொல்வாள். அவள் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவாள். மிஞ்சிய மகள் செல்லத்தாய் இருமினாலும் எனக்குத் தூக்கம் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் மச்சினன் சோணை குப்பை வண்டியோடு வந்தான். டவுனில் வாந்திபேதி கண்ட வீடுகளின் பாயும் துணியும் வண்டி நிறைய இருந்தன. இறக்கும்போதே இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டு, நிழலில் ஒரு பாயை விரித்துப் படுத்தான். கண் உள்ளே போய்விட்டது.

"மச்சான், தண்ணி குடுங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இல்லாட்டி வீட்டுலயாச்சும் விடுங்க, அக்கா பாத்துக்கிரும்," என்றான்.

"செத்த படு மாப்ள," என்றேன்.

அவன் வீடும் என் வீடும் ஒரே சுவர். அவன் படுத்த பாயை சோலையம்மாள் அதே கிணற்றடியில்தான் அலசுவாள். செல்லத்தாய் மாமன் மடியை விட்டு இறங்காதவள். ஆஸ்பத்திரிக்குப் போனவன் எவன் திரும்பினான்? பிணத்தை ஊருக்குத்தான் கொண்டு வருவார்கள், கிணற்றுத் தண்ணீரில்தான் குளிப்பாட்டுவார்கள். வேறு என்ன வழி, நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மற்ற ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தண்ணீர் கொடுக்கவில்லை, இருந்தது ஒரே செம்பு. கை படாமல் கவைக்கம்பால் பாயைச் சுருட்டினேன். கயிற்றால் கட்டினேன். உதைக்க அவனுக்குத் தெம்பில்லை.

"மச்சான், உசுரு இருக்கு மச்சான்," என்று மட்டும் சொன்னான்.

குப்பை போடுவதற்காக அடுப்பு வாயை நாங்கள் அகலமாக்கியிருந்தோம். பலகையில் வைத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். அன்று சாயங்காலம்வரை நீராவி குறையவில்லை. அவன் மாடு அவிழ்க்காமல் நின்றதால்தான் ஆட்கள் தேட ஆரம்பித்தார்கள்.

உயிரோடு இருந்தவனைத்தான் போட்டேன். தெரிந்துதான் போட்டேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என் மகளுக்காகச் செய்தேன், எனக்காக அல்ல.

எழுதியதும் ஒரு வண்டிக்குச் சொல்லி அனுப்புங்கள் அய்யா. விடிந்ததிலிருந்து எனக்கு வயிறு நிற்கவில்லை, கால் இழுக்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டால் பிழைத்துவிடலாமாம். வண்டி வரும்வரை என்னை வீட்டில் கொண்டுபோய் விடுங்கள், பக்கத்தில் உட்கார செல்லத்தாய் இருக்கிறாள்.