மேரி அக்காவை பஸ்ஸில் ஏற்றியவன்

படார். கண்ணாடி உதிர்கிறது. தலைக்கு மேல் இன்னொரு குண்டு சீறிக்கொண்டு போகிறது. என் மனைவி ஷமீமாவை இழுத்துக்கொண்டு ஓடுகிறேன். தப்பு. ஓடுவது அவள், நிறைமாத வயிற்றோடு. இழுபடுவதுதான் நான்.

கடையநல்லூர்க்காரன். வளைகுடாவில் ஏசி மெக்கானிக். நாற்பத்தாறு வயதில் தலைப்பிள்ளை. பிரசவத்துக்கு அவளை ஊருக்கு அனுப்ப டிக்கெட் போட்டிருந்தேன். அதற்குள் போர். விமானங்கள் நின்றன. பக்கத்து ஆஸ்பத்திரியில் குண்டு விழுந்தது. அதன்பின் எங்கள் கட்டடத்தின் அடித்தள கார் பார்க்கிங்தான் பிரசவ வார்டு. டாக்டர், நர்ஸ், ஆயா எல்லாமே அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த செங்கோட்டை மேரி அக்கா ஒருத்திதான்.

எல்லைக்குப் போகும் பஸ் நிற்கிறது. இந்தியர்களுக்கு மட்டும். எங்களை ஏற்றிவிட வந்த அக்கா, தான் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கீழே மூன்று பேர் வலிக்குக் காத்துக் கிடந்தார்கள். வேறு நாட்டுக்காரிகள். அவர்களுக்கு பஸ் இல்லை.

மறுபடி படார். ஷமீமாவின் அங்கி நனைந்திருக்கிறது.

"அக்கா, தண்ணிக்குடம் உடைஞ்சிட்டு! ஏறுங்க!"

கத்தினேன். அழுதேன். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். ஷமீமா ஏதோ சொல்ல வந்தாள். என் கத்தலில் அது எனக்கே கேட்கவில்லை. அக்கா ஏறினாள். கதவு மூடியது.

ஊர் தாண்டியதும் துப்பட்டாவை மறைப்பாகப் பிடித்து அக்கா சோதித்தாள். பிறகு என் தோள்பையைத் திறந்தாள். உள்ளே மூடி கழன்ற பாட்டில்.

"இது நீ குடிக்க வச்சிருந்த தண்ணி தம்பி. இவளுக்கு வலியே தொடங்கல. அங்கன மூணு பேரு என்னை நம்பிக் கெடக்காளுவ."

பஸ்ஸைத் திருப்பச் சொன்னாள். டிரைவர் மறுத்துவிட்டார். பின்னால் பாலம் எரிந்துகொண்டிருந்தது. நான் பயத்தில் ஒரு ஜோக் அடித்தேன், பிரசவம் எனக்குத்தான் ஆகியிருக்கும் போல என்று. பஸ்ஸே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

மகள் தென்காசியில் பிறந்தாள். ஏந்தியதும் அக்காதான். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இப்போது சீசன். குற்றாலத்தில் வெள்ளம் வருகிறதென்று அபாயச் சங்கு ஊதினால் ஈரத்துண்டோடு முதலில் ஓடுகிறவன் நான். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அடித்தளத்தில் விட்டுவந்த மூன்று பேரின் சேதி அக்காவின் போனுக்கு வந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. வாசித்துக் காட்டினாள், அவ்வளவுதான்.

என் பக்க இழப்பு: ஒரு பெட்டி, ஒரு செருப்பு.

அங்கே, பிரசவம் பார்க்க ஆளில்லாமல் போனவர்கள்: ஹலீமா. அவள் வயிற்றுப் பிள்ளை. ரோசாவின் ஆண் குழந்தை. மூன்றாமவளைப் பற்றித் தகவல் இல்லை. ஒரே கட்டடத்தில் ஒரு வருடம் இருந்தும் அவள் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.