தப்பட்டை அடிக்கப்போகும் தம்பி

வேட்டைத் தரகரே, நீர் ஆளைப் பலி கொடுக்கிறவர். செஞ்சி பஸ்ஸில் உமக்குப் பின் சீட்டில்தான் இருந்தேன். உம் பக்கத்திலிருந்த மில் முதலாளி, முதுமலைக்குப் போகலாமா என்று கேட்டார்.

"அங்க இன்னா இருக்குது மொதலாளி? யானை மேல ஒக்காந்து தூரத்துல பாத்துட்டு வரணும். நம்ம மலைக்கே வாங்க. தப்பட்டை அடிச்சி சிறுத்தைய உங்க துப்பாக்கிக்கு நேரா ஓட்டியாரச் சொல்றேன்."

"போன மாசம் தப்பட்டை அடிச்சவன கடிச்சிடுச்சாமே?"

"செத்துட்டான். கவலப்படாதீங்க, அவன் தம்பி வரேன்னுட்டான். அண்ணன கொன்னதாச்சே, ஓடாம நின்னு அடிப்பான்."

முதலாளி சிரித்தார். "அப்ப முதுமலை வேணாம்."

மிச்சமிருக்கும் பிள்ளையும் போனால் அந்தத் தாய்க்கு என்ன பதில்? அதை நீர் அனந்தபுரம் சந்தையில் எல்லார் முன்னாலும் நின்று சொல்லும்.